அண்டாக்கள் ரீங்கரித்த சாரல் காலம்

போன வாரம் யோகா வகுப்பில் டீச்சர் கண்டித்தது என்னைத்தான். "பின் வரிசையில ஒருத்தங்க மட்டும் கண்ண மூடவே மாட்டேங்காங்க" என்று அவர் சொன்னபோது நீங்கள் எல்லாரும் கண்ணை மூடியபடியே சிரித்தீர்கள். யாரென்று தெரியாமல் சிரித்தவர்களுக்காகச் சொல்கிறேன், நான்தான் அது. பேத்தி வயசுப் பிள்ளை கண்டித்ததில் எனக்குக் கோபமில்லை. திருந்துகிற உத்தேசமும் இல்லை. வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு மூன்று பேர் என்னை மடக்கி, ஏன் மூடமாட்டேன் என்கிறாய் என்று கேட்டீர்கள். தெருவில் நின்று சொல்லி முடிகிற கதையில்லை. அதனால் எழுதி நம் வாட்ஸப் குழுவில் போடுகிறேன். நீளமாக இருக்கிறதே என்று விரலால் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். தினமும் நீங்கள் அனுப்புகிற காலை வணக்கம் படங்களை நானும் அப்படித்தான் தள்ளுகிறேன்.

நீங்கள் கண்ணை மூடியிருக்கும்போது நம் மண்டபம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஓரத்தில் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். முந்தின நாள் கல்யாணத்துச் சாம்பார் வாசம் இன்னும் போகாத தரை. சன்னலுக்கு வெளியே பாதி மேகத்துக்குள் ஒளிந்திருக்கிற மலை. இதற்கு நடுவே நரைத்த தலைகள் வரிசையாக. எல்லார் முழங்காலிலும் கை மலர்ந்திருக்கும், பெருவிரலும் சுட்டுவிரலும் தொட்டுக்கொண்டிருக்கும். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏலம் கூவியே குரல் கட்டிப்போன நம் அண்ணாச்சியின் விரல்களும் தொட்டுக்கொண்டிருக்கும், அவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போன பிறகும். நான் அந்தக் கைகளைப் பார்ப்பேன். பிறகு நெஞ்சுகளைப் பார்ப்பேன். ஒவ்வொரு நெஞ்சும் ஏறி இறங்குகிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவேன். சிரிக்காதீர்கள். சின்ன வயசில் எனக்குக் கொடுத்த வேலை அது.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கலாம். தென்காசிக் கோயில் கோபுரம் இன்னும் மொட்டையாக நின்ற காலம், உங்களுக்கு நினைவிருக்கும். இடிந்த கோபுரத்தின் பிளவுக்குள் கிளிகள் போவதும் வருவதும் எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து தெரியும். ஆனி பிறந்து விட்டால் செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று கிளம்பும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூறல் விழும். முற்றத்துக் கல்லில் விழுந்த தூறல் காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். கொடியில் போட்ட துணி காயவே காயாது. பள்ளிக்கூடப் பாவாடையை அரை ஈரத்தோடு கட்டிக்கொண்டு போவோம். தெருவில் போகிற வண்டியெல்லாம் குற்றாலத்துக்குத்தான் போகும். உள்ளே இருப்பவர்கள் தலையில் அப்போதே எண்ணெய் வைத்துக்கொண்டு பளபளவென்று இருப்பார்கள்.

ஊர் உலகமெல்லாம் உடம்பு தேற வந்து இறங்குகிற அந்தச் சாரல்தான் எங்கள் அம்மைக்கு ஆகாத காலம். அம்மைக்கு இளைப்பு, இப்போது ஆஸ்துமா என்கிறோமே அது. கிணற்றுச் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் காதுவரை ஏற, நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரி சத்தம் வர நிற்பாள். தொண்டைக்குழி உள்ளே இழுத்துக்கொள்ளும். ரொம்ப முற்றினால் உதடு நாவல்பழம் தின்ற நிறத்துக்கு வந்துவிடும். அந்த நிறத்தை நான் இன்றுவரை வெறுக்கிறேன். நாவல்பழமே தின்பதில்லை.

வீட்டில் எங்களோடு அத்தை இருந்தாள், அப்பாவுக்கு அக்கா. புருஷன் போன பிறகு தம்பி வீட்டுக்கு வந்து, வந்த அன்றே சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டவள். அப்பா போலீஸ்காரர். சீசன் தொடங்கிவிட்டால் அவருக்கு அருவியில் பந்தோபஸ்து. ஈரமான காக்கிச் சட்டையோடு எப்போதாவது வந்து, காய்ந்த சட்டை மாட்டிக்கொண்டு போவார். அடுத்த வீடு பெரியப்பாவுடையது. எங்கள் குடும்பத்து அம்மன் கோயில் அவர் பொறுப்பில் இருந்தது. ஆக வீட்டில் அத்தை சொல்வதும், வீட்டுக்கு வெளியே பெரியப்பா சொல்வதும் நடந்தன.

இதில் எனக்கு இன்று நினைத்தாலும் வயிறு எரிகிற ஒரு சங்கதி உண்டு. அத்தை கெட்டவள் இல்லை. அம்மைக்கு இளைப்பு வந்தால் அவளுக்குப் பதறும். அந்தப் பதற்றத்தில் அவள் செய்தது என்ன தெரியுமா? எல்லாச் சன்னலையும் சாத்திவிட்டு, அம்மையை அடுப்படிக்குள் கொண்டுபோய் உட்கார வைப்பாள். "காத்து படாம அடுப்படியிலயே இருட்டி, கதகதப்பா இருக்கும்" என்பாள். எங்கள் அடுப்படிக்குச் சன்னலே கிடையாது. சாரலில் நனைந்த விறகு எரியாமல் குமைந்துகொண்டு கிடக்கும். அந்தப் புகைக்குள் அம்மை கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்து, எல்லாருக்கும் காப்பி போட்டுக்கொண்டே மூச்சுக்குத் திணறுவாள். குற்றம் முழுவதும் சாரல் காற்றின் மேல். புகையை ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. புகை எல்லார் வீட்டிலும் இருந்ததுதானே.

அந்த வருஷம் எங்கள் மாடியில் நர்ஸம்மா குடிவந்தார். மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்துக்காரர். வெள்ளைச் சேலை, நெஞ்சில் தலைகீழாகக் குத்திய சின்ன கடிகாரம். அவருக்கு மட்டும் நேராகத் தெரிகிற கடிகாரம் அது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஒரு காலையில் அவர் வேலைக்கு இறங்கும்போது அம்மை கிணற்றடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நர்ஸம்மா பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கையை அம்மையின் முதுகிலும் இன்னொரு கையை வயிற்றிலும் வைத்தார். ஊதுபத்தியை அணைக்கிற மாதிரி உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினார். "பதுக்கே சேச்சி, பதுக்கே" என்றார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அம்மை ஊதினாள். கிணற்றடி வாழையில் தூறல் விழுகிற சத்தத்துக்கு நடுவே இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தபடி ஊதிக்கொண்டு நின்றது எனக்கு வினோதமாக இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்த விசில் சத்தம் தணிந்தது.

நர்ஸம்மாவுக்கே சின்ன வயசில் இளைப்பு இருந்ததாம். ஊரில் யாரோ ஒரு சாமியாரம்மாவிடம் மூச்சுப் பழகித் தேறியதாகச் சொன்னார். ஓய்வு நாட்களில் அம்மைக்கு அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். தினமும் செய்ய வேண்டும், தனியாகச் செய்ய வேண்டும், நடுவில் யாரும் கூப்பிடக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. நம் வீடுகளில் ஒரு மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்காருவது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமா, நீங்களே சொல்லுங்கள்.

அம்மை ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டின் பின்கட்டில் பாத்திர அறை என்று ஒன்று இருந்தது. கல்யாணம் காட்சிக்கு எடுக்கிற பித்தளை அண்டாக்கள், தவலைகள், ஆளுயரக் குத்துவிளக்கு எல்லாம் அங்கே கிடக்கும். உயரத்தில் கம்பி போட்ட ஒரு சின்ன திறப்பு. அது வழியாக வெளிச்சம் சாய்வாக விழும், மழை வாசம் வரும். சாப்பாட்டுக்கடை முடிந்து அத்தை குறட்டை விடத் தொடங்கியதும், பாத்திரம் துடைக்கப் போகிறேன் என்று அம்மை புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு அங்கே போவாள். பள்ளிக்கூடத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிற நானும் போவேன். கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு, ஓரம் கருகிய கோரைப்பாயை விரிப்பாள். முதல் நாளே என்னைப் பிடித்து எதிரே உட்கார வைத்துச் சொன்னாள். "நான் கண்ண மூடிக்கிடுதேன். நீ தொறந்து வச்சிரு. என் நெஞ்சையே பாரு. உதடு நீலமாச்சுன்னா மாடிக்கு ஓடிரு."

நான் பார்த்தேன். கண் எரிய எரியப் பார்த்தேன்.

அந்த மதியங்களை எப்படிச் சொல்வது? ஒரு மூக்கை அடைத்து ஒரு மூக்கால் இழுப்பாள். அடைக்கிற விரல் மாறும்போது வளையல் ஒரு சின்ன சத்தம் போடும். பிறகு மூச்சு ஏற ஏற இரண்டு கையும் பக்கவாட்டில் மேலே போகும், யாரோ அடியிலிருந்து தூக்குவது போல. உச்சியில் உள்ளங்கை இரண்டும் சேரும். மூச்சு இறங்க இறங்கக் கையும் இறங்கும். அம்மையின் கை அவ்வளவு மெதுவாக நகர்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை. அது அம்மி அரைக்கிற கை, துணி பிழிகிற கை, சடை பின்னும்போது என் தலையில் குட்டுகிற கை. அந்தக் கைக்குள் இப்படி ஒரு கை இருந்திருக்கிறது. ஏறி இறங்குகிற கையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அறையில் வெளிச்சமும் ஏறி இறங்குகிற மாதிரி எனக்குத் தோன்றும். சில நாள் என் மூச்சும் அவளோடு சேர்ந்துகொள்ளும். அப்போது எது என் மூச்சு, எது அவளுடையது என்று பிடிபடாது. பயமாகவும் இருக்கும், சுகமாகவும் இருக்கும்.

கடைசியில் வண்டு மூச்சு. நம் டீச்சர்கூட இப்போது சொல்லிக் கொடுக்கிறாரே, அதேதான். பெருவிரலால் காதை அடைத்து, மற்ற விரல்களைக் கண்மேல் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் ரீங்காரம் செய்வது. நம் மண்டபத்தில் அது ஈ மொய்க்கிற சத்தமாகக் கேட்கிறது. பாத்திர அறையில் அப்படி இல்லை. அம்மை ரீங்கரித்ததும் பெரிய அண்டா அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சின்ன அண்டா. தவலை, விளக்கு, எல்லாம். சுவரும் தரையும் சேர்ந்து முனகும். என் பல் கூசும். அம்மை நிறுத்திவிட்டு, கையை மறுபடி ஒரு தரம் மலர்த்தி மேலே ஏற்றி இறக்குகிறவரை அண்டா தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்தச் சத்தம் ஒரு மதியம் அத்தையை எழுப்பிவிட்டது.

அத்தை கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவள் எப்படிப் புரிந்துகொண்டாள் என்பதற்கு ஒரு முன்கதை வேண்டும். எங்கள் அம்மன் கோயிலில் வருஷா வருஷம் ஆடியில் கொடைத் திருவிழா நடக்கும். அம்மன் சாமி எங்கள் அப்பாவின் அத்தை ஒருத்திமேல்தான் வரும். மேளம் ஏறும்போது அந்தச் சாமியாடி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அடித்தொண்டையில் உறுமுவாராம். பிறகு கை இரண்டும் மலர்ந்து மேலே ஏறுமாம். அவர் செத்து சில வருஷம் ஆகியும் சாமி வேறு யார்மேலும் இறங்கவில்லை. ஒவ்வொரு கொடையிலும் மேளக்காரர்கள் வேர்க்க வேர்க்க அடித்தும் ஒருவரும் அசையாமல் நிற்பார்கள். பெரியப்பா அழுத கண்ணோடு கோயில் நடையைச் சாத்திவிட்டு வருவார். அம்மன் எங்களைக் கைவிட்டுவிட்டாள் என்று பங்காளிகள் பேசினார்கள். அப்படி இருக்கும்போது, இருட்டறையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அம்மை உறுமுவதையும், பித்தளைச் சாமான் அத்தனையும் சேர்ந்து அதிர்வதையும், அந்தக் கை மலர்ந்து மேலே எழுவதையும் பார்த்த அத்தை வேறு என்னதான் நினைப்பாள்? நம் பக்கத்தில் யாராக இருந்தாலும் அதையே நினைத்திருப்பார்கள்.

மறுநாள் அம்மை தாழை நீக்கிக் கதவைத் திறந்தால், வெளியே பெரியப்பாவும் அத்தையும் கற்பூரத் தட்டோடு நிற்கிறார்கள். பெரியப்பா மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டியிருந்தார். அம்மைக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கையை உதறி, ஐயோ மதினி, இது மூச்சுப் பழக்கம், நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தது என்று சொன்னாள். அத்தை அதைக் காதிலேயே வாங்கவில்லை. "சாமி வந்தவ என்னைக்குத்தான் ஒத்துக்கிட்டிருக்கா" என்றாள். மறுக்க மறுக்க அது ருசுவாகிக்கொண்டே போனது. வாக்கப்பட்டு வந்தவள்மேல் எப்படி வரும் என்று ஒரு பங்காளி கேட்டதற்கு, அவள் இஷ்டப்பட்ட இடத்தில் வருவாள், நீ யார் கேட்க என்று பெரியப்பா எகிறிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அம்மை விரதம் இருக்க வேண்டும் என்று அத்தை அவளை அடுப்படிப் பக்கமே விடவில்லை. அந்தச் சாவிக்கொத்து அத்தை, தானே புகைக்குள் உட்கார்ந்து பொங்கி, அம்மைக்குத் தனி இலையில் போட்டாள். மதியத்தில் பாத்திர அறைக் கதவு சாத்தியிருந்தால் தெருப்பிள்ளைகள்கூடக் கால் சத்தம் கேட்காமல் நடந்தார்கள். சாம்பலும் புளியும் தேவைப்படவில்லை. ஒரு வாரத்தில் அம்மையின் முகம் தெளிந்துவிட்டது. அந்த விசில் சத்தம் நின்றே போனது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள், சாமி வந்ததும் இளைப்பு ஓடிவிட்டது என்று. அடுப்படியை விட்டு வெளியே வந்ததும் ஓடிவிட்டது என்று எனக்கே இத்தனை வருஷம் கழித்துத்தான் உறைக்கிறது. அம்மைக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அவள் மறுப்பதை நிறுத்திவிட்டாள்.

பெரியப்பா அடுத்த அடி எடுத்து வைத்தார். இந்த ஆடிக் கொடையில் அம்மை சாமியாட வேண்டும் என்று ஊருக்கே சொல்லிவிட்டார்.

நர்ஸம்மா கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் கோயில் கொடை பார்த்தவள். தகரப் பந்தலுக்குள் சாம்பிராணிப் புகை கம்பளி மாதிரி நிற்கும். ஆடுகிறவர் தலையில் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். மேளம் விடாது, ஆட்டமும் விடாது. அந்தப் புகையில நின்னா சேச்சிக்கு சுவாசம் கிட்டாது என்று நர்ஸம்மா அம்மையின் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியப்பாவிடம் நானே போய் எல்லாம் சொல்கிறேன் என்றார். அம்மை வேண்டாம் என்று தலையசைத்தாள். "சொன்னா அந்தப் பாத்திர அறைக் கதவு தொறந்துரும்மா. பழையபடி அடுப்படிதான்" என்றாள். நர்ஸம்மா மாடிக்கு ஏறும்போது, கொடையன்று ஊசி மருந்தோடு வருவேன் என்று என் காதில் மட்டும் சொன்னார்.  அம்மை செத்துப்போவாள் என்று நான் முடிவு கட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை என்னைக் குற்றாலத்துக்கு அழைத்துப்போனாள். அப்பாவிடம் சொல்ல இதுதான் சமயம் என்று நான் வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டேன். இறங்கியதும் எண்ணெய் வாசம். ஈரப் பாறைகளில் ஆட்கள் குப்புறப் படுத்துக் கிடக்க, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் முதுகில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மங்குஸ்தான் தோடு காலில் மிதிபட்டது. ஒரு குரங்கு யாருடைய சோப்புப் பெட்டியையோ திறந்து முகர்ந்து பார்த்தது. அத்தை என்னை அருவிக்குள் தள்ளினாள். தண்ணீர் மண்டையில் விழுந்த அந்த நொடி எனக்கு மூச்சு நின்றுவிட்டது. வாயைத் திறந்தால் தண்ணீர். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அத்தை இழுத்து வெளியே விட்டதும் நான் ஊளையிட்டு அழுதேன். குளிருக்கு அழுகிறேன் என்று அத்தை நினைத்தாள். அம்மைக்கு இப்படித்தான் இருக்குமா என்று தெரிந்துபோனதற்காக அழுதேன்.

அப்பா பெண்கள் பகுதியின் ஓரத்தில் விசிலோடு நின்றார். நான் ஈரத் தலையோடு ஓடிப்போய் அவர் காக்கிச் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். சேர்த்து வைத்த வார்த்தை எல்லாம் அருவிச் சத்தத்தில் போய்விட்டது. "அம்மைய ஆட விடாதீங்கப்பா. மூச்சு நின்னுரும்" என்று மட்டும் கத்தினேன். அப்பா குனிந்து கைக்குட்டையால் என் முகத்தைத் துடைத்தார். அவ முகம் இப்பதான் தெளிஞ்சிருக்கு, அம்மன் பாத்துக்கிடுவா என்றார். பிறகு யாரோ வரிசையை மீறப் போக, விசில் ஊதிக்கொண்டே போய்விட்டார். வரிசை ஒழுங்காக இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நம்புகிற மனிதர் அவர். அம்மைமேல் அவருக்கு உயிர். அவளிடம் ஒரு தடவையாவது கேட்டுப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

கொடை வந்தது. மதியக் கொடைக்குத்தான் அம்மன் சாமி இறங்கும். கோயில் ஊருக்கு வெளியே ஒரு கால்வாய்க் கரையில் இருந்தது. காலையிலிருந்தே தூறல். ஈரக் காற்றில் புகை மேலே போக முடியாமல் தகரப் பந்தலுக்கு அடியில் தங்கிவிட்டது. என் உயரத்துக்குப் பாதி இருக்கிற தூபக்காலில் பெரியப்பா அள்ளி அள்ளிச் சாம்பிராணி போட்டார். பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். அப்பா வேட்டி கட்டிக்கொண்டு தூபக்காலுக்குப் பக்கத்தில் நின்றார். கூட்டத்துக்குப் பின்னால் நர்ஸம்மா வெள்ளைச் சேலையில் நின்றார். அவருடைய ஒரு கை கைப்பைக்குள்ளேயே இருந்தது. உள்ளே ஊசியும் மருந்தும் இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும்.

மஞ்சள் சேலையும் ஈரத் தலையுமாக அம்மையைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார்கள். தவில் ஏறியது. நான் எல்லார் காலுக்கும் இடையில் புகுந்து முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். கண்ணை அவள் நெஞ்சில் வைத்தேன். முதலில் நெஞ்சு சரியாகத்தான் ஏறி இறங்கியது. பிறகு தோள் ஏறத் தொடங்கியது. தொண்டைக்குழி ஒரு தரம் உள்ளே இழுத்தது. மறுபடி இழுத்தது. மேளச் சத்தத்தில் விசில் கேட்காது, ஆனால் எனக்குத் தெரிந்தது. அம்மன் வருதா, அம்மன் வருதா என்று பெண்கள் குலவையிட்டார்கள். மூச்சுத் திணறலைப் பார்த்துக் குலவையிட்டார்கள். அந்த உதட்டைப் பார்த்தேன். ஓரத்தில் லேசாக நிறம் மாறிக்கொண்டிருந்தது. நர்ஸம்மாவிடம் ஓட எழுந்தேன்.

அதற்குள் அம்மை தரையில் உட்கார்ந்துவிட்டாள். எந்தச் சாமியாடியும் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சம்மணம் போட்டு, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அவள் ரீங்கரிக்கிறாள் என்பது மூக்கு அதிர்வதில் தெரிந்தது. பிறகு கை மலர்ந்து மேலே ஏறியது, பாத்திர அறையில் ஏறுகிற அதே மாதிரி. உச்சியில் சேர்ந்தது. அங்கிருந்து இறங்கும்போது ஒரு உள்ளங்கை மேளக்காரர்கள் பக்கம் திரும்பியது. "பதுக்கே" என்றாள். கை இன்னும் கொஞ்சம் இறங்கியது. "பதுக்கே."

சாமியாடியின் கை சொன்னால் மேளம் கேட்கத்தான் வேண்டும், அதுதான் முறை. தவில்காரர் அவள் கையையே பார்த்துக்கொண்டு அடியைத் தளர்த்தினார். கை ஏறும்போது ஒரு அடி. இறங்கும்போது ஒரு அடி. நாகசுரக்காரர் நீளமாக ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டார். கூச்சல் போட்டவர்கள் அடங்கினார்கள். தூறல் தகரத்தில் விழுவது கேட்டது. அந்தக் கூட்டம் முழுவதும் அம்மையின் கையோடு மூச்சை இழுத்து, அவள் கையோடு விட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பங்காளி வீட்டுக் கிழவர் வாயைக் குவித்து ஊதியதை நான் பார்த்தேன்.

அப்போது அம்மை கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "எனக்குப் புகை ஆகாது. எடு."

பெரியப்பா அசையாமல் நின்றார். அம்மனுக்குச் சாம்பிராணி ஆகாதென்று யாராவது கேட்டதுண்டா? அசைந்தது அப்பா. கனன்றுகொண்டிருந்த தூபக்காலை இரண்டு கையாலும் அப்படியே தூக்கிக்கொண்டு கால்வாய்க் கரைக்கு நடந்தார். ஓடவில்லை, நடந்தார். தண்ணீரில் அது போட்ட சத்தம் பந்தல்வரை கேட்டது. திரும்பி வந்தபோது உள்ளங்கை இரண்டிலும் தோல் வெந்து தொங்கியது. அம்மை இல்லை, அம்மன்தான் சொன்னாள் என்று நம்பித்தான் எடுத்தாரா, அருவிக்கரையில் நான் கத்தியது அப்போதுதான் காதில் விழுந்ததா, எனக்குத் தெரியாது. அந்தக் கையை நினைத்தால் எனக்கு அவர்மேல் இருந்த மிச்சக் கோபமும் போய்விடும்.

பெரியப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, தாயே, வேறு குறை என்ன, சொல்லு என்று கேட்டார். அம்மையின் உதடு பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "இவ அடுப்படிக்கு ஒரு சன்னல் வை" என்றாள்.

நர்ஸம்மாவின் கை கைப்பையை விட்டு வெளியே வந்தது.

அந்த வாரமே கொத்தனார் வந்து அடுப்படிச் சுவரை உடைத்தார். பெரியப்பா கூடவே நின்று, இன்னும் அகலமாக, இன்னும் அகலமாக என்று சொல்லிக்கொண்டிருந்தார். புகை வெளியே போனது, கிணற்றடி வாழை உள்ளே தெரிந்தது. அத்தைக்கும் பாவம் அன்றுதான் கண் எரியாமல் ஒரு குழம்பு வைக்கக் கிடைத்தது. 'பதுக்கே' என்று மலையாளத்தில் சொன்னது பெரிய அத்தாட்சியாகிவிட்டது. நம் அம்மன் ஆதியில் மலைக்கு அந்தப் பக்கமிருந்து கணவாய் வழியாக வந்தவள்தானே, அவள் பாஷையில் பேசுகிறாள் என்று பெரியப்பா போகிற வருகிறவர்களிடம் விளக்கினார். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த நர்ஸம்மா அதைக் கேட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கொஞ்ச காலத்தில் அவருக்கு மாற்றலாகிவிட்டது. அந்தத் தலைகீழ்க் கடிகாரத்தை நான் பிறகு பார்க்கவில்லை.

அம்மை அதற்குப் பிறகு ஒவ்வொரு கொடையிலும் உட்கார்ந்தே சாமியாடினாள், தலை முழுவதும் நரைக்கும்வரை. அண்டாக்களை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கிவிட்டார்கள், அதில் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். எவர்சில்வர் எதையும் திருப்பிச் சொல்லாது. பாய் எங்கே போனதென்று தெரியவில்லை. தூபக்கால் கால்வாய்ச் சேற்றில் எங்கேயோ கிடக்கும். ஆனால் இந்த ஆடியில் நான் கோயிலுக்குப் போனபோது வாசலில் புதிதாக டிஜிட்டல் போர்டு வைத்திருந்தார்கள். 'அம்மன் உத்தரவுப்படி சாம்பிராணி, ஊதுபத்தி ஏற்றக் கூடாது.' பெங்களூரில் வேலை பார்க்கிற பெரியப்பாவின் பேரன், எங்க அம்மனுக்கு ஆதியிலேயே புகை ஆகாது பெரியத்தை என்று எனக்கே விளக்கம் சொன்னான். நான் ஆமாம் ராசா என்று கேட்டுக்கொண்டேன். எங்கள் அம்மையின் இளைப்பு அங்கே கல்லாக நின்று பூ வைத்துக்கொண்டிருக்கிறது.

கடைசிக் காலத்தில், அந்தச் சன்னல் பக்கம் கட்டில் போட்டுப் படுத்திருந்தபோது, அம்மையிடம் நேராகக் கேட்டேன். அன்றைக்கு எல்லாம் நீயாகச் சொன்னதுதானே என்று.  "பதுக்கேன்னது நான்தான். புகைய எடுன்னதும் நான்தான்" என்றாள். "சன்னல் கேட்டது யாருன்னு எனக்குத் தெரியலட்டி. உங்க பெரியப்பா முன்னால நான் வாய் தொறந்ததே கிடையாதே."

அவள் போனது இளைப்பால் இல்லை. ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். நான் பக்கத்தில் இருந்தேன். நெஞ்சு ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது. கடைசி மூச்சு பதுக்கே போனது. உதடு நிறம் மாறவே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதனால் திங்கட்கிழமை வகுப்புக்கு வரும்போது என்னைப் பற்றி டீச்சரிடம் புகார் சொல்லாதீர்கள். முன் வரிசையில் இருக்கிற அக்காவுக்கு இப்போதுதான் இருதயத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். நம் மார்க்கெட் அண்ணாச்சிக்குத் தூக்கத்தில் அவ்வப்போது மூச்சு நின்று நின்று வருகிறது, அது அவருக்கே தெரியாது. கையை மலர்த்தி வைத்துக்கொண்டு நீங்கள் எல்லாரும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நான் தொறந்து வச்சிருக்கேன்.